பன்னீர் பட்ட லேப்டாப்

தாரணிக் கண்ணுக்கு,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நீ மேஜையில் விட்டுப்போன லேப்டாப்பைச் சரஸ்வதி பூஜையில் வைத்தேன். வருஷா வருஷம் வைப்பதுதானே. பொட்டு வைத்துப் பன்னீர் தெளித்தபோது கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. மறுநாள் அது ஆன் ஆகவில்லை.

பதறாதே. லேப்டாப்புக்கு நீ வாங்கியிருந்த விபத்துப் பாதுகாப்புத் திட்டம் இன்னும் முடியவில்லை. சர்வீஸ் சென்டருக்கு நானே எடுத்துப் போனேன். பிளான் இருந்தால் எல்லாம் இலவசம் என்றார் உன் அப்பா. அப்படி இல்லை. திரை உடைந்தால் ஒரு கட்டணம், மற்ற சேதத்துக்கு வேறு கட்டணம். உள்ளே போர்டே போயிருந்தாலும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். இப்போது அப்பாவுக்கு நான்தான் விளக்குகிறேன்.

கவுண்டரில் இருந்தவர் சிங்கப்பூரிலேயே பிறந்த தமிழர். "நீங்களே தெளிச்சீங்களா ஆன்ட்டி? வேணும்னு செஞ்சா கவர் ஆகாது லா" என்றார்.

"தெளிச்சது வேணும்னுதான் தம்பி. உள்ள போனதுதான் ஆக்சிடென்ட்" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

கட்டணத்துக்குத் தன் கார்டைக் கொடுத்தனுப்பியது அப்பாதான். நீ கல்யாணம் செய்துகொண்டு போன நாளிலிருந்து சொல்லாத உன் பெயரை இப்போதும் சொல்லவில்லை. ஆனால் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சரியாகி வருகிறது. திட்டத்தில் நீ மாற்றியிருந்த உங்கள் பொங்கோல் வீட்டு முகவரிக்கே அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். நான் நம் சிராங்கூன் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்குத் தொழுகை முடிந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போ.

முகவரி கொடுத்தது ஆக்சிடென்ட் இல்லை.

அம்மா