முடக்கப்பட்ட கணக்கில் என் மனைவியின் பேச்சு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரைவாளர்,
குழாய் வரைபடப் பிரிவு, குடிநீர் வாரியம்.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக அலுவலர் அவர்கள்,
குடிநீர் வாரியத் தலைமை அலுவலகம்.

பொருள்: கணினிப் பிரிவுப் பெண் ஊழியர் மீது நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல் – முடக்கப்பட்ட என் அலுவலகக் கணக்கை ஒருமுறை திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ஊழியர் என் இணைய ஆவணத்தை அழித்துவிட்டதாகச் சென்ற மாதம் தங்களிடம் புகார் அளித்தேன். அதன்பேரில் அவரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போயிருப்பதாக அறிகிறேன். அந்தப் புகார் பொய். அவர் எதையும் அழிக்கவில்லை.

2. தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பின் என் மனைவிக்குப் பேச்சு போய்விட்டது. அலுவலகக் கணக்கில் ஓர் ஆவணத்தைத் திறந்து அவள் கைப்பேசியிலும் வைத்துக் கொடுத்தேன். அவள் வீட்டிலிருந்து எழுதுவாள். நான் அலுவலக மேசையில் படிப்பேன். இது விதிமீறல் என்பதை அறிவேன். அவள் கண்மூடும்வரை எங்கள் வீட்டுப் பேச்சு முழுவதும் அதில்தான் நடந்தது.

3. நான் ஓய்வுபெறும் சமயம், ஆவணங்களைச் சொந்தக் கணினியில் எடுத்துக்கொள்ளும் முறையை அந்த ஊழியர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். “அப்படியே இழுத்துப் போட்டா வெறும் இணைப்புதான் சார் வரும், உள்ளே இருக்கிறது வராது. ஒவ்வொண்ணா திறந்து டவுன்லோடு பண்ணணும்” என்றார். திறக்க எனக்குத் துணிவில்லை. இழுத்துப் போட்டேன். கணினியில் ஆவணத்தின் பெயர் தெரிந்தது. அது போதுமென்று வந்துவிட்டேன்.

4. வெளியூரிலிருந்து வந்த மகள், அம்மா எழுதியதைப் படிக்க வேண்டுமென்று அந்தப் பெயரை அழுத்தினாள். கடவுச்சொல் கேட்டது. கணக்கோ முடக்கப்பட்டிருந்தது. “நீங்க சரியா எடுக்கலையாப்பா?” என்றாள். ஆபீஸில் ஒரு பெண் அழித்துவிட்டாள் என்று வாய் கூசாமல் சொன்னேன். சும்மா விடக்கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து மகள்தான் அந்தப் புகாரை எழுதவைத்தாள்.

5. திறக்கத் துணியாததன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கணக்கைத் திறப்பவர் கண்ணில் எப்படியும் படும். ஓரிடத்தில் என் மனைவி, “டாக்டர்கிட்ட நீங்களும் வந்தா தேவலை. நான் எழுதிக் காட்டறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுடறாங்க” என்று எழுதியிருக்கிறாள். அதன் கீழ் நான் எழுதியது: “சரி.” அன்று நான் போகவில்லை. அந்த ஆவணம் நெடுக அவள் பத்தி பத்தியாகப் பேசியிருக்கிறாள். என் பங்குக்கு இருப்பது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான்.

ஆகவே, அந்த ஊழியர் மீதான குறிப்பாணையை ரத்து செய்து, அவர் பணிப்பதிவில் கறை படியாமல் காக்க வேண்டுகிறேன். ஆவணம் இன்னும் அழியாமல் இருந்தால், அதை முறைப்படி என் கணினிக்கு எடுத்துக்கொள்ள ஒருமுறை அனுமதிக்கவும் கோருகிறேன். இரண்டில் ஒன்றுதான் இயலுமெனில், முதலாவதைச் செய்தருளவும்.

மகளிடம் நேரில் சொல்ல முயன்றேன். வாய் வரவில்லை.

தலைகுனிவுடன்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற வரைவாளர்

இடம்: என் இல்லம்
நாள்: மார்ச் 9

நகல்:
1. கணினிப் பிரிவு ஊழியர் அவர்கள்
2. என் மகள்