சலோமிக்கு ஒரு ஸ்கேன்

கிழக்குத் தாம்பரம்,
12.8.1992

அன்புள்ள ரத்தினபாய்க்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஆஸ்பத்திரியில் நான் தொகுக்கும் கணக்கில், கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகிவிடும் கேஸ்கள் வருஷாவருஷம் கூடுகின்றன. கூட்டலில் தவறிவிட்டேனோ என்று டாக்டர் மெட்டில்டாவிடம் தயங்கிக் கேட்டேன்.

"உங்க கணக்கு கரெக்ட்தான் சார். இப்ப ஸ்கேன்ல தெரியுது. முன்னாடி வெறும் வயித்துவலின்னு கஷாயம் குடுத்தே எத்தனை பேரை அனுப்பிச்சிட்டாங்களோ!" என்றார்.

உன் மருமகள் சலோமிக்கு நாள் தள்ளியிருக்கிறது, ஒரு பக்கமாக வயிறு வலிக்கிறது, கஷாயம் கொடுத்தேன் என்று நீ எழுதியிருந்தாய். பெரிதாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் தந்தி கொடுத்துவிட்டேன். உன்னைப் பதறவைத்திருந்தால் மன்னித்துவிடு. இன்னும் போகவில்லையென்றால் இன்றே அவளை நாகர்கோவிலுக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடு.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. சின்ன பாட்டில் போதும், இங்கே பங்கு கேட்க ஆளில்லை.

எல்லாம் சரியாக இருந்தால், கிழவனுக்கு வீண் பயம் என்று இரண்டு பேரும் சிரிப்பீர்கள். சிரித்ததை உடனே ஒரு கார்டில் எழுதிப் போடு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
அண்ணன் லாசரஸ்