ஸ்டெல்லாவின் சைக்கிளுக்கு ஒரு பின்சக்கர ஹப்

முரட்டுப் பயலே, என் அந்தோணி,

போன சனிக்கிழமை உன் தங்கை ஸ்டெல்லா, உன் ஃபிக்ஸியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்டின் டவுனில் என் சைக்கிள் கடைக்கு வந்தாள். பின்சக்கரம் இல்லாத சைக்கிள். நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இனி அதில்தான் வேலைக்குப் போகப் போகிறாளாம்.

"நல்ல ஹப்பா பார்த்துப் போடுங்கண்ணா. வருஷக்கணக்கா உழைக்கணும்," என்றாள். அதை என்னிடம் வந்து கேட்கிறாள், பார்!

கடைக்காரனாக விளக்க ஆரம்பித்தேன். ஹப் என்பது சக்கரத்தின் நடுவில், அச்சில் சுற்றும் குடம். ஃபிக்ஸியில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், எதிர்த்து மிதித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படி மிதிக்கும்போது பல்சக்கரம் கழன்றுவிடப் பார்க்கும். அதனால் அதற்கென்றே செய்த ஹப்பில் இரண்டு மரை இருக்கும். ஒன்றில் பல்சக்கரம், மற்றதில் எதிர்ப்பக்கமாக முறுக்கும் பூட்டு வளையம். தூசி புகாத பேரிங், தடித்த அச்சு எல்லாம் அப்புறம். இரண்டாவது மரை இல்லாத ஹப்பைத் தொடவே கூடாது என்றேன்.

"அண்ணனோடதுல அது இருந்துச்சா?"

இருந்ததா, அந்தோணி? நீயே சொல்லேன். அன்றைக்கு உன்னிடம், சரியான ஹப் வர மூன்று வாரம் ஆகும் என்றேன். "ஞாயித்துக்கிழமை ரைடு இருக்கு மச்சா, எதாவது பண்ணு," என்றாய். சாதாரண ஹப்பில் பசை போட்டுப் பல்சக்கரத்தை முறுக்கிக் கொடுத்தேன். முன்னால் ஒரு பிரேக்காவது போடுகிறேன் என்றதற்கு, அசிங்கமாக இருக்கும் என்றாய். இப்போது போட்டோவில் அழகாகத்தான் இருக்கிறாய், ராஜா.

ஒக்கலிபுரம் இறக்கத்தில் நீ எதிர்த்து மிதித்தபோது பல்சக்கரம் கழன்று, கால் வெறுமனே சுற்றியிருக்கும். எதிரே லாரி. எல்லோரும் மழைமேல் பழி போட்டார்கள். உன் அம்மா இன்றைக்கும் அந்த மழையைத்தான் சபிக்கிறார். நானும் கூடவே தலையாட்டினேன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றே, வளைந்துவிட்டது என்று சொல்லிப் பின்சக்கரத்தைக் கழற்றி எடுத்து வந்தவன் நான்.

உன் கூட்டாளிகள் உன் படம் போட்ட பனியனோடு வருஷா வருஷம் ரைடு போகிறார்கள். அதிலும் பாதிப் பேர் பிரேக் இல்லாமல். பயமறியாதவன் என்று உன்னைப் பேசும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூன்று வாரம் பொறுக்க முடியாதவன் நீ. உன்னிடம் முடியாது என்று சொல்லத் தெரியாதவன் நான். இரண்டு பேரில் ஒருவனுக்காவது புத்தி இருந்திருக்கக் கூடாதா?

ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. அந்தச் சக்கரத்தைக் காட்டச் சொன்னாள். பசை காய்ந்த மரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அண்ணன் பூசை அன்னிக்கு எங்கம்மா யாருக்கு முதல்ல சாப்பாடு போடுறாங்கன்னு தெரியும்ல? அண்ணன் போட்டோவுக்குக் கூட இல்ல, உங்களுக்கு," என்றாள்.

எந்த ஹப் வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், முன் பிரேக்கையும் சேர்த்து. வாங்கிக்கொண்டாள். வேறு கடையில் மாட்டிக்கொள்வாளாம். "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க," என்று ஆட்டோவில் ஏறினாள்.

வருகிற ஞாயிறு உன் நினைவுப் பூசை. முடிந்ததும் அந்தச் சக்கரத்தோடு உன் வீட்டுக்குப் போவேன். இலை போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன், அந்தோணி. இது சத்தியம்.

ஞாயிறு வரைக்குமாவது உன் அம்மாவை அம்மா என்று கூப்பிடப்போகும்,
குமார்