கூனிமேட்டுக்கு மிதந்து வந்த ஆலா

அன்புத் தேனு,

உன் நோட்டில் 'வெள்ளைப் புருவ ஆலா' என்று எழுதி எதிரே காலியாக விட்டிருந்தாயே, அதை நிரப்பிவிட்டேன். முறைக்காதே, முழுசாகக் கேள்.

விழுப்புரம் மாவட்டப் பறவைப் பட்டியலில் அந்தக் கடற்பறவையைச் சேர்க்க, மரக்காணத்தில் எத்தனை முறை படகு ஏறினோம்! ஒருநாள் தலைக்கு மேலேயே பறந்தது. நான் குதித்தேன். நீ போனை எடுத்து எந்தக் கரை கிட்டே என்று அளந்தாய். காலாப்பட்டு. பறவையைத் தூக்கிப் புதுச்சேரிப் பட்டியலில் எழுதிவிட்டாய்.

"கரை எது கிட்டயோ அந்த ஊரு பறவை ண்ணா. நாம மரக்காணத்துல ஏறுனோம்னு அது நம்மளுது ஆயிடுமா?"

ஊரார் நிலத்தை அளக்கிற சர்வேயர் உனக்குக் கடலிலும் வரப்பு வேண்டுமா என்று எனக்கு ஒரே கோபம். திண்டிவனம் வரை பஸ்ஸில் உன்னை விட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன வாரம், நீ எங்களை விட்டுப் போன பிறகு முதல் தடவையாக, நம் படகுக்காரர் ஏழுமலையோடு போனேன். மிதந்து வந்த பலகை மேல் அதே ஆலா! அளந்தேன். மறுபடியும் காலாப்பட்டு. விழுப்புரம் என்றே எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நொடி தோன்றியது, உன்னிடம் மறைப்பானேன்? ஏழுமலை இன்ஜினை நிறுத்தினார்.

"தண்ணி வடக்க இழுத்துக்கினு கீது சார். பலகையும் போவும், நாமளும் போவோம். பாப்பா இருந்தா இன்னா பண்ணும்? குந்து."

ஒன்றரை மணி நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. அது பறந்தால் எல்லாம் போச்சு. ஆலாவோ இறகைக் கோதிக்கொண்டு சாவகாசமாக மிதந்தது. நான் அளந்துகொண்டே இருந்தேன். கடைசியில் கிட்டே வந்த கரை கூனிமேடு. நம்ம மாவட்டம்! ஏழுமலை அடித்த விசிலில்தான் அது எழுந்து பறந்தது.

'தேன்மொழி நோட்டில் இருந்தால் மறுபேச்சில்லை' என்று பறவை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். என் தங்கச்சியாக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன். அதைக் கேட்க நீ இருந்திருக்கக் கூடாதா?

இனி கரையை அளக்காமல் பேனாவைத் திறக்கமாட்டேன். மற்ற காலி இடங்கள், பார்க்கும்வரை காலியாகவே இருக்கும்.

'பார்த்தவர்' என்ற இடத்தில் உன் பெயரையும் எழுதக் கை போனது. நீ பார்க்காததை உன் பெயரில் எழுதினால் நீயே கோடு போட்டு அடித்துவிடுவாய். அழுதுகொண்டே என் பெயரை மட்டும் எழுதினேன்.

விழுப்புரத்திலிருந்து,
உன்னிடம் தோற்றுப்போன அண்ணன்