நான் பேசாத பேச்சு

ஜூன் 12, வியாழன்

விசைத்தறி செட்டில் மதியச் சாப்பாட்டுக்குத் தறிகளை நிறுத்தியதும் எல்லோரும் போனை எடுத்து 'வறட்டான்' கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வற்றிய கண்மாய் வெடிப்பிலிருந்து எழுந்து வந்து, ஆட்களின் உடம்பில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும் பூதம். மதுரை ராஜகுரு தம்பி எழுதி, தன் யூடியூப் சேனலில் போடும் கதை. குரல் என்னுடையது. என் குரலைக் கேட்டுக்கொண்டே நானும் தயிர்சோறு சாப்பிட்டேன்.

பக்கத்தில் நூல் சுற்றும் முனீஸ்வரியிடம் கேட்டேன், ஏன்டி இந்தப் பேய்க்கதைக்கு இப்படி அலையுறீக என்று.

"செட்ட மூடிருவாகளோன்னு பயந்தா ராத்திரி பூரா தூக்கம் வராதுக்கா. வறட்டானுக்குப் பயந்தா கதை முடிஞ்சதும் தூக்கம் வந்துரும்ல."

என் வீட்டுக்காரர் வீரணன் இறந்த பிறகு இந்த நூலும் அந்தக் கதையும்தான் எங்கள் வீட்டைத் தாங்குகின்றன. செட்டு இப்போது வாரத்தில் பாதி நாள் ஓடுவதில்லை. கதைக்கு ராஜகுரு தரும் காசுதான் கை கொடுக்கிறது.

ஜூன் 21, சனி

ராஜகுரு புதுக் கதை அனுப்பவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மல்லாங்கிணறு போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் வறட்டான் கேட்டுக்கொண்டிருந்தார். பழையது என்று நினைத்தேன். இல்லை. காதில் விழுந்த அந்த வரியை நான் பேசவே இல்லை. எந்த வரியையும் நான் பேசவில்லை. ஆனால் நான்தான் பேசினேன் — மூச்சை இழுப்பது, 'தண்ணி' என்று சொல்லும்போது கடைசி எழுத்தை விழுங்குவது, எல்லாம் நான்தான். வாயை இறுக மூடிக்கொண்டேன். மூடிய பிறகும் என் குரல் பேசிக்கொண்டே இருந்தது.

ஜூன் 25

இன்று ராஜகுரு போனை எடுத்துவிட்டார்.

"அக்கா, நீங்க பேசுனது எங்கிட்ட எவ்வளவோ கிடக்கு. இனி அத வச்சு மிஷினே உங்க குரல்ல பேசிரும். உங்களுக்கும் தொண்டை வலி மிச்சம்."

"அது என் குரலு தம்பி."

"குரலு உங்களோடதுதான்க்கா. ரெக்கார்டிங் என்னோடது."

போனை வைத்துவிட்டார்.

ஜூன் 27

போலீசுக்குப் போவமாக்கா என்கிறாள் முனீஸ்வரி. போய் என்ன காணோம் என்று எழுதிக் கொடுப்பது? குரல்தான் என்னிடமே இருக்கிறதே.

ஜூலை 3, வியாழன்

காலையில் மகள் சுவாதியை எழுப்பினேன். "எந்திரி கண்ணு, ஸ்கூலுக்கு நேரமாச்சு." கண்ணைத் திறந்தவள் வீல் என்று கத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. புது எபிசோடை வகுப்பில் யாருடைய போனிலோ கேட்டிருக்கிறாள். வறட்டான் ஒரு வீட்டுக்குள் புகுந்து அம்மாவைக் குடித்துவிட்டு, அம்மா மாதிரியே பிள்ளையை எழுப்புகிறதாம். எந்திரி கண்ணு, எந்திரி கண்ணு என்று. என் குரலில்.

"அது மிஷினுடி. நான் இல்ல."

"தெரியும்மா. தெரிஞ்சாலும் பயமா இருக்கு. நீ பேசாத. தட்டி எழுப்பு, போதும்."

பெத்த பிள்ளை என்னையப் பேசாதங்குது. நான் என்ன செய்வேன்?

ஜூலை 4

தட்டி எழுப்பினேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஊமை மாதிரி எத்தனை நாள் இருப்பது? மாட்டேன். இந்தக் குரலை வைத்துத்தான் பிழைத்தேன், இதை வைத்துத்தான் இனியும் பிழைக்க வேண்டும். வறட்டான் அவருடைய கதை, அவரே வைத்துக்கொள்ளட்டும். நானே ஒன்று எழுதினேன். சொந்தக் கால் இல்லாத பூதம். தனியாக நடக்கிறவர்களின் காலை இரவல் வாங்கி நடக்கும். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசி, போனில் பதிந்து, என் பெயரிலேயே சேனல் தொடங்கிப் போட்டேன். போர்வைக்குள் என் குரல் எனக்கே பயமாக இருந்தது. பேசுவது நான்தானா என்று இரண்டு தரம் நிறுத்திப் பார்த்தேன்.

ஜூலை 16

என் கதைக்குக் கீழே கமெண்டில் எழுதியிருக்கிறார்கள்: 'ஏன்க்கா வறட்டான் அக்கா குரலைக் காப்பி அடிக்கிறீங்க? சொந்தமா எதாச்சும் செய்யுங்க.'

சிரிப்பு வந்தது. அப்புறம் நிறைய நேரம் அழுதேன்.

ஜூலை 22, செவ்வாய்

நூல் லோடு வரவில்லை. தறி ஓடவில்லை. முதலாளி மாரீஸ்வரன் அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோர் முகமும் செத்திருந்தது.

"எக்கா, சும்மா கெடக்கோம். உன் காலில்லாதவன் கதையச் சொல்லு. போன்ல வேணாம், வாயாலயே சொல்லு," என்றாள் முனீஸ்வரி.

சொன்னேன். முதலில் குரல் வரவில்லை. வந்த பிறகு நிற்கவில்லை.

இடையில் அவளே கேட்டாள்: "காலே இல்லேங்கிற, அப்ப இங்க எப்பிடிக்கா வரும்?"

"வந்திருச்சுல்ல. கீழ குனிஞ்சு பாரு. அதுல ஒன்னு உன் காலு இல்ல."

சட்டென்று காலை மடக்கிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே எல்லோரும் மடக்கினார்கள். மாரீஸ்வரன் அண்ணனும்.

ஜூலை 23

எழுதிப் படிக்கக் கூடாது. கேட்கிறவர்கள் எதிரே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் நேரலையில் வருவேன். அவர்கள் கேட்கட்டும், கேட்டதற்கேற்பக் கதை திரும்பட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாளையம்பட்டியிலிருந்து ஒரு தங்கச்சி, திருச்சுழியிலிருந்து ஒரு டிரைவர் அண்ணன் லைனில் வந்தார்கள். டிரைவர் கேட்டார், "லாரில போறவன் காலைப் புடிக்குமா?" பிரேக்கை மிதிக்கிறது யார் கால் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பிரேக் கிறீச்சிட்டது. பிறகு, "ஓரமா நிப்பாட்டிட்டேன் தாயி."

யாரும் காப்பி என்று எழுதவில்லை. சுவாதி அடுப்படியிலேயே இருந்தாள். காதைப் பொத்தியிருந்தாளா, பார்க்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

வறட்டானைக் கேட்கிறவர்கள் இன்னும் அதிகம்தான். டீக்கடையைத் தாண்டும்போதெல்லாம் அங்கே நான் யாரையோ குடித்துக்கொண்டிருக்கிறேன். நிற்காமல் நடக்கிறேன். எனக்கென்று வருகிறவர்கள் ஞாயிறு தவறாமல் வருகிறார்கள்; செட்டு ஓடாத நாட்களை அவர்கள் அனுப்பும் காசு ஈடுகட்டுகிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

சாயங்காலம் சுவாதிக்குத் தோழி வீட்டிலிருந்து நோட்டு வாங்க வேண்டியிருந்தது. கருவேல மரங்களுக்கு ஊடே போகும் பாதை. இருட்ட ஆரம்பித்துவிட்டது. வரவா என்று கையால் கேட்டேன். தலையாட்டினாள். முன்னால் அவள், பின்னால் நான். இந்த மூன்று மாதத்தில் அவள் பக்கத்தில் சத்தமில்லாமல் இருக்கப் பழகிவிட்டேன்.

பாதி வழியில் நின்று திரும்பினாள்.

"என்னம்மா உம்முனு வார? ஏதாச்சும் பேசிக்கிட்டு வா."

நாளைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்பதில் ஆரம்பித்தேன்.