லிபியாவுக்கு அம்மாவும்

ஞாயிறு, வட்டவளை

லிபியாவில் வேலை செய்யும் மச்சான் பாலைவனம் பார்க்க எங்களை அழைத்திருப்பதை இன்று அம்மாவிடம் சொன்னேன். பயந்து தடுப்பார் என்று நினைத்தேன். ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, "நான் அங்க இருந்திருக்கேன்" என்றார்.

என் சின்ன வயதில் அவர் வீட்டு வேலைக்குப் போனது குவைத்துக்கு என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

"குவைத்து வீட்டுக்காரங்கதான் அங்க கூட்டிட்டுப் போனாங்க. லிபியாவுல சண்டை வந்ததும் என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டு ஓடிட்டாங்க. பக்கத்து வீட்டுப் பொம்பள கதவை ஒடைச்சு, எல்லை வரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டா."

"ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? அவளை ஒருக்கா பாக்கணும். நானும் வரட்டா?"

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. முகம் மறக்கவில்லையாம்.