போடாத ஊசிக்கு வந்த சான்றிதழ்

திலக் நகர், செம்பூர்
31-10-2021, ஞாயிறு

சௌபாக்கியவதி ஷ்ருதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், அப்பாவும் அவருடைய மாத்திரை டப்பாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை கௌசிக்கும் ஆக்லாந்தில் கதவைச் சாத்திக்கொண்டாவது சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்து இதை ஆரம்பிக்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று திகைக்காதே. போனில் நாம் இருவரும் நல்லபடியாகத்தான் ஆரம்பிக்கிறோம், பத்தாவது நிமிஷம் சண்டையில் முடிகிறது, அப்புறம் இரண்டு நாள் எனக்கு எதிலும் மனசு ஓடுவதில்லை. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாதல்லவா, அந்தச் சௌகரியம் எனக்கு வேண்டும். ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீ தமிழ் படித்து வெகு நாளாயிற்று, நிதானமாக எழுத்துக் கூட்டிப் படி.

வீட்டு விசேஷம் என்றால், பில்டிங்கை இடித்துக் கட்டுகிற விஷயம் இன்னும் கூட்டத்துக்கு மேல் கூட்டமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அப்பா ஒரு கட்சி, மூன்றாம் மாடிக்காரர் எதிர்க்கட்சி, இரண்டு பேரும் ஒரே லிஃப்டில் ஏறினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார்கள். அப்பா டாக்டர் சொன்னபடி தினம் ஸ்டேஷன் வரை நடக்கிறார், திரும்பி வரும்போது பையில் வாழைக்காய் சிப்ஸ் இருக்கிறது, கேட்டால் விருந்தாளி வந்தால் வேண்டாமா என்கிறார். இந்தத் தொற்றுக் காலத்தில் எந்த விருந்தாளி வருகிறான்? உன் அத்தை பெண் சாருலதாவுக்கு ஐரோலியில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு ஊசி போட்டதற்கான அத்தாட்சியைக் காட்டினால்தான் ரயிலுக்கு பாஸ் தருகிறார்கள் என்பதால் முதல் வாரம் முழுக்க பஸ் மாறி மாறிப் போய் வந்தாள். தீபாவளிக்கு இந்தத் தடவை மருந்து மட்டும் கிளறப் போகிறேன், முறுக்கு கடையில்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சரஸ்வதி பூஜை அன்று நீ செய்தி அனுப்பியிருந்தாயே, எங்கள் பள்ளிக்கூடத்து ஆட்கள் எல்லோரும் நவம்பர் பதினைந்துக்குள் முதல் ஊசி போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், நான் போட்டுக்கொள்ளப் போவதில்லை, வேலை போனால் போகட்டும், இதைப் பற்றி யாரும் என்னிடம் பேச வேண்டாம் என்று. பேசவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் ஆபீஸில் நடந்ததை எழுதுகிறேன்.

போலீஸ் வண்டிப் பிரிவில் நான் குப்பை கொட்டுவது முப்பத்து மூன்று வருஷமாக. எங்கள் டிரைவர்களுக்கு பிப்ரவரியிலேயே முதல் ஊசி போட்டாயிற்று. சர்க்கார் காகிதம் எதிலும் கட்டாயம் என்ற வார்த்தை கிடையாது, நான் தேடிப் பார்த்தேன், விருப்பமிருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது ஊசி போடாதவனை டியூட்டியில் வைக்காதே என்று மேலேயிருந்து வாய்வழியாக உத்தரவு. காகிதம் ஒன்று சொல்லும், வாய் ஒன்று சொல்லும், இரண்டுக்கும் நடுவில் லிஸ்ட் தயாரிப்பது நான். நான் எந்தக் கட்சி என்று உனக்குத் தெரியும். போன வருஷம் எங்கள் பிரிவில் மூன்று பேர் கொரோனாவில் போனார்கள், மூன்று பேருடைய குடும்பக் காகிதங்களும் என் மேஜைக்குத்தான் வந்தன. பூலோகம் என்று ஒரு டிரைவர், தாராவிக்காரர், எப்போதும் என் மேஜைமேல் ஒரு மிட்டாய் வைத்துவிட்டுப் போவார். எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று அவர் மனைவிக்கு நான்தான் விரலைப் பிடித்துக் காட்டினேன். அதற்கப்புறம் ஊசி வேண்டாம் என்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

எங்கள் பிரிவில் வேண்டாம் என்றவன் ஒரே ஒருவன், தளவாய். அவனும் தாராவிதான், அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மற்றவர்கள் முன்னால் மேடம் என்பான், தனியாக இருந்தால் அக்கா. முதல் ஊசி போட்டவன், இரண்டாவதுக்கு மட்டும் வரமாட்டேன் என்று ஏழு மாதமாக நழுவிக்கொண்டிருந்தான். ஏன் என்றால் சும்மா சிரிப்பான். வாட்ஸ்அப்பில் எதையோ படித்துவிட்டுப் பயப்படுகிறான் என்று எங்கள் மேலதிகாரி பெரிய சாகேப் முடிவு கட்டினார், நானும் அதையே நினைத்தேன்.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி, பாக்கியிருந்த நான்கு பேருக்கும் என் போன் நம்பரில் நேரம் பதிவு செய்தேன், எங்கள் ஆபீஸில் அப்படித்தான் வழக்கம், ஒரு நம்பரில் நான்கு பேர் சேர்க்கலாம். மூன்று பேர் போனார்கள். தளவாய் போகவில்லை, என் ஜன்னலுக்கு நேர் எதிரே வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் என் போனில் வரிசையாக நான்கு செய்தி வந்தது, நான்கு பேருக்கும் ஊசி வெற்றிகரமாகப் போடப்பட்டது என்று. ஊசி போட்ட இடத்தில் யாரோ கை தவறி எல்லாப் பெயரையும் தட்டிவிட்டிருக்கிறார்கள். சாகேபிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார், ஹோ கயா நா மேடம், பஸ், என்றார். ஆயிற்றே, போதும், இதற்கு மேல் எதற்குத் தோண்ட வேண்டும் என்று அர்த்தம்.

அவர் சொன்னார் என்று நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன் ஷ்ருதி. எனக்கும் அது சரி என்றே பட்டது. அவனுடைய வேலை பிழைக்கும், அவனுக்குப் பிடிக்காத ஊசியும் வேண்டாம், எல்லோருக்கும் நல்லது. சான்றிதழை அச்செடுத்து, துளை போட்டு, பைலில் கோத்துவிட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரிவு நூற்றுக்கு நூறு என்று மேலே போயிற்று, சாகேப் பேடா வாங்கிக் கொடுத்தார், நானும் ஒன்று சாப்பிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தளவாய் நேரே என் மேஜைக்கு வந்தான். அக்கா, நான் போடலைல்லா, போட்டேன்னு எழுதியிருக்கிய, அத எடுத்துருங்க, என்றான். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. உனக்கென்ன பைத்தியமா, சும்மா கிடைத்ததை வைத்துக்கொள்ளத் தெரியவில்லையா என்று கத்தினேன், பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள். அவன் குரலை உயர்த்தவே இல்லை. நாளைக்கு எனக்கு கொரோனா வந்து, இவன் ஊசி போட்டவன்தானேன்னு எவனாவது மாஸ்க்க கழட்டிட்டு பக்கத்துல உக்காந்தா, அந்தப் பாவத்த யாருக்கா சுமக்க, என்று கேட்டான். அப்போதுதான், கோபத்தில்தான், அப்படியானால் ஏன்டா போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொன்னான்.

முதல் ஊசி போட்ட மூன்றாம் நாள் மத்தியானம், பந்தோபஸ்து முடிந்து நான்கு பெண் கான்ஸ்டபிள்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அமர் மஹால் பாலத்துக்கு மேலே கண்ணு இருட்டிட்டு வந்துட்டுக்கா, ஸ்டியரிங் எங்க இருக்குன்னு தெரியல, என்றான். வண்டி ஓரச் சுவரில் உரசி நின்றிருக்கிறது. பின்னால் இருந்தவர்கள் தூக்கத்தில் இருந்ததால் பள்ளம் என்று நினைத்துக்கொண்டார்கள். கீறலுக்கு அவனே பெயின்ட் அடித்துவிட்டான். நாலு பொம்பளப் பிள்ளைய பின்னால உக்காந்திருக்கு, சொன்னா ஸ்டியரிங்க புடுங்கிருவாவ, சொல்லாம இன்னொரு ஊசி போட்டுட்டு வண்டிய எடுக்கவும் எனக்குத் தைரியம் இல்ல, என்றான். ஏழு மாதம் எல்லோரும் அவனை முட்டாள் என்று சொன்னோம், அவனும் சிரித்துக்கொண்டே முட்டாளாக இருந்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்கே சான்றிதழைப் பைலிலிருந்து எடுத்தேன். இது தவறான பதிவு, தெரிந்தே சேர்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்திருக்கிறது, சர்வீஸில் முதல் மெமோ. ரிட்டையராக ஏழு மாதம்தான் இருக்கிறது, அதற்குள் என்ன செய்வார்களோ தெரியாது. சாகேப் இப்போது என்னிடம் பியூன் மூலமாகப் பேசுகிறார். தளவாயைச் சம்பளமில்லாத லீவில் அனுப்பிவிட்டார்கள். அவன் மனைவி கோகிலவாணி எனக்குப் போன் செய்தாள், திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், அவர் பத்து நாளா நல்லாத் தூங்குதாரு என்றாள். ஸ்டியரிங் எப்படியும் போய்விட்டது என்பதால் புதன்கிழமை தானாகவே டாக்டரிடம் போய் பாலத்து விஷயத்தைச் சொல்லிவிட்டான். நாலு நாள் டபுள் டியூட்டி பார்த்த அசதியா ஊசியா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, சோதனை செய்து பார்க்கலாம், போட்டுக்கொள்வதானால் என் கண் முன்னால் போட்டுக்கொள், ஒரு மணி நேரம் இங்கேயே உட்கார், ஒரு வாரம் வண்டியைத் தொடாதே என்று அந்த டாக்டர் சொன்னாராம். யோசிக்கிறேன் என்று வந்திருக்கிறான். அவன் சரி என்று கையை நீட்டினாலும், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே போட்டாயிற்று என்று இருக்கிறது. அதை அழிக்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

நான் அவனை மாற்றுவதற்காக உட்கார்ந்து பேசவில்லை. போலீஸ்காரர்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாம் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், பூலோகத்தின் மனைவி விரலை மறந்துவிட்டு என்னால் வேறு மாதிரி நினைக்க முடியாது. ஆனால் ஒருவனைக் கேட்காமலே அவனுக்காக எழுதிவிடுவது எந்தக் கட்சியிலும் சேராது.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டம். சரஸ்வதி பூஜை அன்று உன் செய்தி வந்தபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஷ்ருதி என்ன சொல்கிறாள் என்றார். முதல் ஊசி போட்டுக்கொண்டு விட்டாளாம், ஒரு காய்ச்சலும் இல்லையாம் என்று சொல்லிவிட்டேன். நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்த மனுஷர், எதற்குக் கவலை என்று. அவர் உடனே விக்ரோலி சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னார், மறுநாள் மூன்றாம் மாடிக்காரரிடம்கூடச் சொன்னார். ஆக ஒரே வாரத்தில் போடாத இரண்டு ஊசியை நான் போட்டதாக ஆக்கியிருக்கிறேன்.

இன்று காலை காப்பி கொடுக்கும்போது அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விஜி, அவ ஏன் போட்டுக்கமாட்டேங்கறா, என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பெத்தவ நீ, உனக்குத் தெரியாதா, என்றார். தெரியாது. எத்தனையோ பேருடைய விவரத்தை நிரப்பியவள், என் பெண்ணுடைய காரணம் எனக்குத் தெரியாது. பேச வேண்டாம் என்று நீ சொன்னாய், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் கேட்கவே இல்லை. மனசுக்குள் நானாக ஒரு காரணம் நினைத்து வைத்திருக்கிறேன், அதை இங்கே எழுதமாட்டேன், தளவாய் விஷயத்தில் நானாக நினைத்தது தப்பாகிவிட்டது.

ஊசி போட்டுக்கொள் என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. நீ என்ன முடிவு செய்தாலும் அப்பாவிடம் இனி உள்ளதைத்தான் சொல்வேன். ஏன் என்று மட்டும் எனக்கு எழுது கண்ணா. கௌசிக்குக்குக்கூடச் சொல்லாத காரணமாக இருந்தாலும் எழுது, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எழுது, நான் யாரிடமும் எதையும் மாற்றிச் சொல்லமாட்டேன். இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, ரொம்ப வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். தீபாவளி அன்று எண்ணெய் வைத்துக்கொண்டு குளி, வெந்நீரை அதிகச் சூடாக வைக்காதே, உனக்குத் தலை சுற்றும். சாயங்காலம் அப்பா போன் செய்வார், நீ எடு.

உன்னிடம் இத்தனை நாள் கேட்காமல் இருந்த
அம்மா விஜயலக்ஷ்மி